வயலைப் படம் எடுத்ததற்காக

அந்த அதிகாரி என் கேமராவின் பொத்தானை அழுத்தினார். வயல் வந்தது. மறுபடி அழுத்தினார். வயல். இன்னொரு தடவை. மழையில் வயல். மேலும் ஒரு தடவை. பனியில் வயல்.

"யே க்யா ஹை?" இது என்ன?

"கேத் ஹை சார்" என்றேன். வயல்.

"அவுர் யே?" அப்போ இது?

"வஹீ கேத்." அதே வயல்தான்.

அவருக்குப் பின்னால் நின்ற ஆள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேல் பாதி குடித்த டீ, அதில் ஓர் ஈ. நான் நின்றுகொண்டிருந்தேன். உடம்பில் நைட்டி, மேலே ஒரு துண்டு. செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டிருந்தேன். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. பயத்தில் கோயிலுக்குள் போகிறவள் மாதிரி கழற்றிவிட்டேன். எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்த அறையில் நான் மட்டும் வெறுங்காலோடு நின்றேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்கிற விஷயம் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "என் பேரப் போட்டே எழுது" என்றார். அவர் பெயர் ராமலிங்கம்.

பாலத்தின் மேல் ஒரு பெண்

அந்தமானில், புரோத்ராபூரில் எங்கள் வீட்டிலிருந்து இறங்கினால் ஒரு நாலா. ஓடை என்று சொல்லலாம். இங்கே எல்லா மொழிக்காரர்களுக்கும் அது நாலாதான். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தின் கட்டைச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் எதிரே வயல், வயலுக்கு அப்பால் பாக்குத் தோட்டம், அதற்கும் அப்பால் காடு மூடிய ஒரு குன்று. அவ்வளவுதான். சுற்றுலா வருகிறவர்கள் யாரும் அங்கே வண்டியை நிறுத்தியதில்லை. கடல் கூடத் தெரியாது.

அந்த இடத்தைத்தான் நான் ஒரு வருஷத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் படம் எடுத்தேன்.

என் மகள் நித்யா வேலை கிடைத்து மெயின்லேண்டுக்குப் போன புதிதில், ஒருநாள் போனில், "அம்மா, அங்க மழை பெய்யுதா? இங்க வெந்துபோறோம். வயல் பக்கம் போயி ஒரு போட்டோ அனுப்பேன்" என்றாள். போய் எடுத்து அனுப்பினேன். "ஆஹா" என்று பதில் வந்தது. மறுநாள் அவள் கேட்காமலே எடுத்தேன். அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. நான் மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு அவளே, தன் சிநேகிதி ஒருத்தி விற்ற பழைய கேமராவை வாங்கி, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பினாள். நீளமான லென்ஸ் போட்ட கேமரா. அதில் ஒன்று, போனில் ஒன்று என்று எடுப்பேன். கேமரா படம் எனக்கு. போன் படம் அவளுக்கு.

ஏன் எடுத்தாய் என்று கேட்டால் அன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் காலையில் போவேன், பார்ப்பேன், நேற்று இருந்தது இன்றைக்கு இருக்காது. அது என்னவோ எனக்குப் பிடித்திருந்தது.

மெயின்லேண்டின் கடிகாரம்

எங்கள் தீவில் சூரியன் ஒரு கணக்கில் போகும். கடிகாரம் மெயின்லேண்டின் கணக்கில் போகும். காலையில் பால்காரர் வருவதற்கு முன்பே வெயில் வந்துவிடும். மாலையில் டீ குடித்து டம்ளரைக் கழுவுவதற்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் எழுந்த கையோடு ஓட வேண்டும். நைட்டியோடு நான் ஓடியதற்குக் காரணம் அதுதான். துண்டைப் போட்டுக்கொண்டு போவேன், எடுப்பேன், வந்து அடுப்பைப் பற்றவைப்பேன்.

மே மாதம் மழை பிடிக்கும். முதல் நாள் மழையில் வயல் சேறாகும். ஒரு வாரத்தில் குளமாகும். குன்று அப்படியே தலைகீழாக அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்கும். பாலத்துச் சுவரில் கை வைக்க முடியாது, அவ்வளவு நத்தை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா உப்பு டப்பாவோடு வந்து நிற்பாள். "வசந்தா, நகரு நகரு" என்று என்னைத் தள்ளிவிட்டு அதன் மேல் உப்பைக் கொட்டுவாள். என்னால் பார்க்க முடியாது. தண்ணீர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆடி, ஆவணியில் நாற்று நடுவார்கள். நட்ட மறுநாள் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. சேற்றில் யாரோ பச்சை மயிரைக் குத்தி வைத்த மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து நாள் போனால் தண்ணீர் தெரியாது. அப்புறம் இரண்டாவது மழை, வடக்கிலிருந்து காற்றோடு வரும். கதிர் சாயும். மார்கழியில் அறுப்பு. அறுத்த தாளில் மாடு மேயும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கொக்கு, காவல்காரன் மாதிரி கூடவே நடக்கும். மாசிக்கு மேல் மண் வெடிக்கும். சாலையில் செம்மண் தூசி. பாக்கு மரமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி நிற்கும். குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்காகக் காத்து வீட்டுக்கு வீடு நீல டிரம் வரிசை கட்டும்.

எல்லாம் அந்தக் கேமராவில் இருந்தது. அந்த அதிகாரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா நின்ற அருவி

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இங்கே துறைமுகத்தில் கூலி வேலைக்கு வந்தவர். நாங்கள் ஷாதிபூரில் தகரம் போட்ட வீட்டில் இருந்தோம். கப்பலில் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அந்தமானா? என்ன கேஸுல போனே?" என்று கேட்பார்கள். விளையாட்டாகத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். அப்பா சிரிப்பார். கழுத்து மட்டும் சிவந்துபோகும்.

ஒருமுறை எங்களை பஜாரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். பின்னால் துணியில் வரைந்த பனிமலை, அருவி, அதன் பக்கத்தில் ஒரு மாடமாளிகை. ஸ்டுடியோ கதவைத் திறந்தால் கொஞ்ச தூரத்தில் நிஜமான கடல். அப்பா பனிமலை முன்னால் நின்றார். அந்தப் படத்தைத்தான் ஊருக்கு அனுப்பினார். தான் இருக்கிற இடத்தைக் காட்ட அவருக்கு வெட்கம்.

நான் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்குக் கீழே இருக்கிற வயலை, உள்ளதை உள்ளபடி எடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. அந்த அறையில் நின்றபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை.

என்ன நடந்தது

மாசி முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள். குன்றின் மேல் கொஞ்ச நாளாக ஏதோ வேலை நடந்தது. கம்பி வேலி போட்டார்கள். சாலையில் ஒரு போர்டு வைத்தார்கள், படம் எடுக்கக் கூடாதென்று. அதை நான் பார்க்காமல் இல்லை. குன்றை எடுக்கக் கூடாது, வயலை எடுக்கலாம் என்று நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன். வயலை எடுத்தால் குன்றும் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளில் அது என் கண்ணுக்கு வயலின் ஒரு ஓரமாக ஆகிவிட்டிருந்தது.

பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஐ.டி. கார்டு கேட்டார்கள். நைட்டியில் எங்கே இருக்கும்? வீடு இதோ மேலே என்று கை காட்டினேன். "பேசறதையெல்லாம் போலீஸ் சவுக்கியில வந்து பேசுங்க மேடம்" என்று இந்தியில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் வண்டிக்குப் பின்னால் நான் நடந்தேன். கடைவாசலில் தெலுங்கு அக்கா நின்றாள். மீன் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கேமராவைப் பார்த்து முடித்த அதிகாரி போனை வாங்கினார்.

"இந்தப் படங்களை யாருக்கு அனுப்புறீங்க?"

"என் மகளுக்கு, சார்."

அவர் அதைத் திறந்தார். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். வயல், வயல், வயல். எல்லாம் என் பக்கத்திலிருந்து போனவை. எதிர்ப்பக்கத்தில் எப்போதாவது ஒரு கட்டைவிரல். எப்போதாவது, "அம்மா மீட்டிங், அப்புறம் பேசறேன்." பிறகு மறுபடியும் வயல்.

பக்கத்தில் ஒரு பெண் காவலர் நின்றிருந்தாள். பெயர் ரீனா என்று சட்டையில் இருந்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். அதிகாரி தள்ளுவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதில் வராத அந்தப் படங்களை நான்கு பேர் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உடுத்தியிருந்த நைட்டி கூட அப்போது மறந்துபோயிற்று.

ஒரு வாக்கியம்

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் சின்ன கான்ட்ராக்டர். சாக்கடை, சுற்றுச்சுவர், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பு என்று அரசு வேலைகளை எடுத்துச் செய்கிறவர். ஆபீஸ்களில் கும்பிட்டுப் பழகிய மனுஷர். சிமெண்ட் தூசியோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். என் நைட்டியைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்க மனைவி தினமும் அங்க நின்னு என்ன செய்யறாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு சொன்னார்:

"சாப், இஸ்கா திமாக் தோடா டீக் நஹி ஹை."

இவளுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, ஐயா. மகள் மெயின்லேண்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான்.

இந்தி எங்களுக்குத் தெருவின் மொழி, கடையின் மொழி, ஆபீஸின் மொழி. வங்காளியோடும் தெலுங்கரோடும் மலையாளியோடும் அதில்தான் பேசுவோம், சண்டை போடுவோம். வீட்டுக்குள் அது வராது. அவர் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லியிருக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதிகாரி என்னைப் பார்த்து, "சச் ஹை?" என்றார். உண்மையா?

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று ஆட்டினேன். வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

அறையே மாறிப்போனது. அதுவரை "மேடம்" என்றவர் "மாதாஜி" என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தையிடம் பேசுவது மாதிரி பேசினார். ரீனா நாற்காலியைத் தள்ளிப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "பயப்படாதீங்க, ஒன்றுமில்லை" என்றாள். குன்று தெரிகிற படங்களை மட்டும் அழித்துவிடச் சொன்னார்கள். அவர்கள் வேலை, சொன்னார்கள். ஆனால் குன்று தெரியாத படம் எங்கே இருக்கிறது? என் வீட்டுக்காரர்தான் கேமராவை வாங்கினார். ஒவ்வொன்றாக அழிக்க நேரமாகும் என்று மொத்தமாக அழித்தார். போனிலும் அழித்தார். சேற்றில் குத்தின நாற்று, கொக்கு, வெடித்த மண் எல்லாம் போயிற்று. வேறு எங்கேயும் எடுத்து வைக்க எனக்குத் தெரியாது.

ஸ்கூட்டரில் வந்தோம். வீட்டில் அவர் கை கால் கழுவிவிட்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டார். போட்டேன்.

வெயில் காலம் முழுக்க

பிறகு நான் பாலத்துக்குப் போகவில்லை. கடைக்குப் போவதென்றால் சுற்றுவழியாகப் போனேன். தெலுங்கு அக்கா என்னிடம் உரக்கப் பேசுவதை நிறுத்திவிட்டாள். விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. கோயில் வாசலில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிரும்க்கா" என்றாள். நான் அதற்கும் தலையாட்டினேன். ஒரு தடவை ஆட்டியபின் நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை.

நித்யாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. படம் வருவது நின்றுபோனதை அவள் கவனிக்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்து நானே கேட்டேன்.

"நான் அனுப்புன படமெல்லாம் உன்கிட்ட இருக்காடி?"

"போன் ஃபுல் ஆயிருச்சும்மா. அழிச்சுட்டேன்." பிறகு, "கோவிச்சுக்காதம்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

கோபம் வரவில்லை. அவள் பொய் சொல்லாமல் இருந்தாளே என்றுதான் தோன்றியது. எங்கள் மூன்று பேரில் அதைச் செய்தது அவள் ஒருத்திதான்.

பாயசத்தோடு வந்தவள்

மழை பிடித்து நாலைந்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். சுடிதாரில் இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ரீனா.

கையில் ஒரு டிபன் டப்பா. உள்ளே பாயேஷ், வங்காளிகள் வைக்கிற பால் பாயசம். வெல்லம் போட்டு வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது.

அவள் இந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன். என்னிடம் பேசவில்லை, என் வீட்டுக்காரரிடம்தான் பேசினாள். என் மேல் பார்வை பட்டால் நான் பயந்துவிடுவேனோ என்பது மாதிரி மெல்ல மெல்லப் பேசினாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு வைத்தியம் பார்க்கிறீங்களா? பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. என் மாமி தெற்குக் கோடியில கேம்பல் பேயில இருந்தப்ப இப்படித்தான் ஆயிடுச்சு. கடலைப் பார்த்துக்கிட்டே நிப்பாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து இந்த டாக்டரம்மாகிட்டதான் காட்டினோம். மாத்திரையில நிறைய குணம் ஆயிடுச்சு. நானே கூட்டிட்டுப் போறேன். எனக்கு நாளைக்கு லீவு."

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அந்த டப்பாவைப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, மழையில், பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு எனக்காக வந்திருக்கிறாள்.

"ரீனா, எனக்கு ஒன்றுமில்லை" என்றேன். "அன்றைக்கும் ஒன்றுமில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பாள் போல. தலையை மெதுவாக அசைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள்?"

அவர் நிமிரவே இல்லை. "ஆமா. ஒன்றுமில்லை. நான்தான் அப்படிச் சொன்னேன்."

ரீனா டப்பாவின் மூடியைத் திரும்ப அழுத்தி மூடினாள். முகத்தில் கோபம் இல்லை. சட்டென்று வாடிப்போயிற்று.

"என் மாமி எவ்வளவு கஷ்டப்பட்டாங்க தெரியுமா அங்கிள்?" என்றாள். "சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. அது பொய் சொல்றதுக்கு எடுத்துக்கிற விஷயமா?"

அவள் குடையை விரித்தாள். டப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை. படி இறங்கும்போது மட்டும் நின்று, "அதைச் சாப்பிடுங்க, கெட்டுடும்" என்றாள்.

புத்தி பேதலித்தவள் என்று பெயர் வந்ததில் எனக்கு வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு வந்த வெட்கம் வேறு. ஒருத்தி நிஜமாகவே பட்ட வேதனையை எடுத்துக் குடையாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் அந்த அறையிலிருந்து நனையாமல் வந்திருக்கிறோம்.

அவர் சொன்னது

சாயங்காலம் இருட்டியதும் கரண்ட் போயிற்று. அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கான்ட்ராக்ட் லைசென்சுக்குப் பயந்தீங்களா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான்." தவளைகள் கத்துகிற சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. "ஆனா அது மட்டும் இல்ல. அந்த ஆளு கேட்டாருல்ல, உன் பொண்டாட்டி தினமும் அங்க நின்னு என்ன செய்யறான்னு. எனக்குத் தெரியல வசந்தா. நெசமாவே தெரியல. நீ காலைல போறது தெரியும், வர்றது தெரியும். எங்க போற, என்ன எடுக்குறேன்னு ஒருநாள் கூடக் கேட்டதில்ல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, தெரியலன்னு நாலு பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? அசிங்கமா இருந்துச்சு. அதான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

நான் அழவில்லை. எனக்கும் ஒன்று உறைத்தது. அவருக்கு ஒருநாள் கூட நான் ஒரு படத்தைக் காட்டியதில்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறவளுக்கு தினம் அனுப்பினேன். பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவரிடம், இதைப் பாருங்க என்று சொன்னதில்லை. அவருக்கு என்ன புரியும் என்று நானாக முடிவு செய்துவைத்திருந்தேன்.

"நானும் தலையை ஆட்டுனேன்ல" என்றேன்.

"நீ என்ன செய்வ பாவம்" என்றார். பிறகு, "நாளைக்குப் போவம்" என்றார்.

"எங்க?"

"சவுக்கிக்கு. போயிச் சொல்லிட்டு வந்துருவம்."

அந்தப் பாயசத்தை இருவரும் சாப்பிட்டோம். வீணாக்க மனசில்லை.

மறுநாள் காலை

அந்த அதிகாரி இல்லை. மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போய்விட்டாராம். அவர் நாற்காலியில் சின்ன வயசுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரீனாவும் இல்லை, அன்றைக்கு அவளுக்கு லீவு என்பதை நான் மறந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் நின்றபடியே ஆரம்பத்திலிருந்து சொன்னார். பாலம், கேமரா, தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னார். காது ஓரமெல்லாம் வேர்த்திருந்தது. புதியவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பி யாரிடமோ விசாரித்தார். அங்கிருந்து, அப்படி ஒன்றும் நினைவில்லை என்று பதில் வந்தது.

"கேஸ் எதுவும் இல்லையே. யாரும் உங்களை ஒன்றும் சொல்லலையே. இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

எங்களுக்கு என்ன வேண்டும்? இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க வந்தோம். வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் என் பக்கம் கையை நீட்டினார்.

"சாப், யே மேரி பீவி ஹை. ஃபோட்டோ கீஞ்ச்தி ஹை."

இவள் என் மனைவி. படம் எடுப்பாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

"எதை எடுப்பாங்க?"

"வயலை. குன்றை இனிமே எடுக்கமாட்டா."

புதியவருக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. "வயல்ல என்ன இருக்கு?"

என் வீட்டுக்காரரின் கழுத்து சிவந்தது.

"தெரியாது சார்" என்றார். "இனிமேதான் இவகிட்ட கேக்கணும்."

வெளியே வந்தோம். தூறிக்கொண்டிருந்தது. அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டவர் திருகவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சொல்லு. என்ன இருக்கு அங்க?"

ஒரு வருஷத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? காட்டுவதற்குக் கையில் ஒரு படம் இல்லை. முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் முதுகுக்குத்தான் சொன்னேன்.

"மொதல்ல தண்ணி வரும்" என்றேன்.